சட்டாம்பிள்ளையின் ஏணி

முதுகலை வகுப்பில் நன்னூல் பொதுப்பாயிரம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. பவணந்தி முனிவர் ஒரு மாணவன் பெறும் கல்வியை நான்கு கூறாகப் பிரிக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் அதனால் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் ஒருவர், கல்வியில் தம் தொழிலுக்குக் கால் பங்குதான் என்று ஒப்புக்கொள்வது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். மாணவர்கள் இதை ஒரு சிறுவினாவுக்குரிய செய்தியாகக் குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அரைப்பங்குக்கு இடம் ஒதுக்கிய பாடத்திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரக் காரணம், கல்வியியல் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் ‘அடுக்குமுறை மாணவர் ஆதரவு’ என்ற தொடர். பதின்பருவத்தினரை வளர்ந்தோர் வாழ்க்கைக்கு ஆயத்தப்படுத்த அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் பேசப்படும் முறை இது. வகுப்பிலுள்ள எல்லோருக்கும் பொதுவான ஆதரவு முதல் அடுக்கு. தடுமாறும் சிலருக்குச் சிறு குழுவாகக் கிடைப்பது இரண்டாவது. அதுவும் போதாதவருக்கு ஒருவருக்கு ஒருவராகக் கிடைப்பது மூன்றாவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் படித்துக்கொண்டே போகும்போது ஒன்று உறுத்துகிறது. மூன்று அடுக்கிலும் மாணவன் பெற்றுக்கொள்பவனாக மட்டுமே நிற்கிறான். கொடுப்பவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்கும் பெரியவர்கள்.

அடுக்குகளில் மாணவர்களே நின்று கொடுத்த ஓர் ஏற்பாடு சென்னையில் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது உலகெங்கும் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றிருந்தது. அதன் வேர் நமது திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் இருக்கிறது.

*

1780களின் இறுதியில் சென்னை எழும்பூரில், பழைய கோட்டைக் கொத்தளம் ஒன்று இருந்த இடத்தில், படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக ஓர் அனாதை விடுதி தொடங்கப்பட்டது. இன்றைய எழும்பூர் இரயில் நிலையம் இருக்கும் பகுதி அது. கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்களே அங்குப் பெரும்பாலோர். தந்தை போரிலோ காய்ச்சலிலோ இறந்திருப்பார், அல்லது ஊருக்குக் கப்பலேறியிருப்பார். ‘அனாதை’ என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தாய்மாரின் சேர்க்கையே பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று விடுதியை நடத்தியவர்கள் நினைத்தார்கள்.

1789இல் அதன் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்தவர், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில காலம் வீட்டாசிரியராக இருந்தவர், பிறகு பாதிரியாரானவர். விடுதி வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவரைத் தியாகி ஆக்கிவிட வேண்டியதில்லை. படைப்பிரிவுகளின் மதகுரு பதவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் வகித்த அவர், இந்தியாவை விட்டுப் போகும்போது இருபத்தையாயிரம் பவுனுக்கு மேல் கொண்டுபோனார். எனினும் அந்தப் பிள்ளைகள்மீது அவர் செலவிட்ட கவனம் உண்மையானது.

விடுதியில் இருந்த வளர்ந்த ஆசிரியர்களால் கீழ்வகுப்புச் சிறுவர்களுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒரு நாள் காலைக் குதிரைச் சவாரியில் பெல் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கடந்து போனார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு சொல்விளக்கம் தேவை. அந்தக் காலத்துச் சென்னை ஆங்கிலேயர் ‘மலபார்’ என்று எழுதினால் அது பெரும்பாலும் தமிழைக் குறிக்கும். பெல் பார்த்தது கேரளத்துப் பள்ளியை அன்று, சென்னையின் ஒரு திண்ணைப் பள்ளியை.

அவர் திரும்பி வந்து மணலில் எழுத்துக் கற்பிக்கச் சொன்னபோது கீழ்வகுப்பு ஆசிரியர் அது நடக்காது என்றார். பெல் மேல்வகுப்பிலிருந்து ஒரு சிறுவனைக் கூப்பிட்டார். பெயர் ஜான் ஃபிரிஸ்கன், ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன், வயது ஏறத்தாழ எட்டு. பெரியவர் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். கீழ்வகுப்பு முழுவதும் அவன் பொறுப்பாயிற்று. அவனிடம் ஒப்படைத்தது பலித்ததும் அடுத்த வகுப்பு, அதற்கடுத்த வகுப்பு என்று பள்ளி முழுவதும் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

அதன் அமைப்பைப் பெல்லே விரிவாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வகுப்பும் இருவர் இருவராகப் பிரிக்கப்படும். இணையில் ஒருவன் கற்பிப்பவன், மற்றவன் கற்பவன். கற்பிப்பவன் தன் இணையின் பாடத்துக்குப் பொறுப்பு. இத்தகைய இணைகளுக்கு மேல் ஓர் உதவி ஆசிரியன், அவனுக்கு மேல் வகுப்பின் ஆசிரியன், அதற்கு மேலும் மேற்பார்வைப் படிகள், உச்சியில் தலைமை ஆசிரியரும் கண்காணிப்பாளரும். படிகளில் நின்று கற்பித்தவர்கள் ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரையான சிறுவர்கள். நாள்தோறும் நடந்த பாடத்துக்குப் பதிவேடு உண்டு. குற்றங்களுக்குத் தனி ஏடு, அதில் பதிந்தவற்றை வாரம் ஒருமுறை விசாரிக்க மாணவர்களே அமர்ந்த ஒரு நடுவர் குழு. பாடத்தில் முந்தினால் இடம் மேலே போகும், தளர்ந்தால் கீழே வரும். இன்று இணையில் கற்பவனாக இருந்தவன் சில மாதத்தில் கற்பிப்பவனாகலாம். இந்த ஏற்பாட்டில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். படிகள் இருந்தன, படிகளில் யாரும் ஆணியடித்து நிறுத்தப்படவில்லை.

1797இல் லண்டனில் தம் எழும்பூர்ச் சோதனையைப் பெல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மணலில் எழுதுவதை மலபார்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்டார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசிவரை சாதித்தார். எனக்கு இது நம்பும்படி இல்லை. திண்ணைப் பள்ளியில் மணலைப் பார்த்த கண்ணுக்கு, அந்த மணலைச் சுற்றி வந்துகொண்டிருந்த சட்டாம்பிள்ளை தெரியாமல் போயிருப்பாரா?

*

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார் என்பதற்குப் பெல்லின் சமகாலத்தை ஒட்டிய சான்றே உண்டு. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய பதில்களுள் மிக விரிவானது பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதியது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்குச் சுழியம், அவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஒரு மெல்லிய அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்படுவார்கள். கீழ்வகுப்புகளை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மேல்வகுப்புகளை ஆசிரியர் நேரடியாகக் கவனிப்பார், ஒரு கண் பள்ளி முழுவதின்மேலும் இருக்கும். பெல்லாரி தமிழ்நாடு அன்று என்றாலும் இந்தச் சித்திரம் உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரத்தில்’ காட்டும் திண்ணைப் பள்ளிக்கு அயலானதாக இல்லை.

இதற்கும் இருநூறு ஆண்டு முன்னதாக, 1623இல், கன்னட நாட்டு வழியே போன இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே ஒரு காட்சியைப் பதிந்திருக்கிறார். ஆசிரியர் அருகில் இல்லாமலே சில சிறுவர்கள் மணலில் எழுதியும் ஒரே குரலில் பாடியும் கணக்குப் பயின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மறந்தால் மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். ஆக, பெல் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் மேலாகவே இது தென்னாட்டு வழக்கம். கம்பெனி இயக்குநர்களே 1814இல் அனுப்பிய கல்விக் கடிதத்தில், இந்நாட்டு ஆசிரியர்களின் பயிற்றுமுறைதான் சென்னையில் மதகுருவாக இருந்த பெல்லின் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்று எழுதினார்கள். பெல் ஒப்பாததை அவருடைய எசமானர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

திண்ணைப் பள்ளி எதற்கு ஆயத்தப்படுத்தியது? அரிச்சுவடி, எண்சுவடி, குழிமாற்று, கடிதம் எழுதும் பழக்கம். பதினான்கு பதினைந்து வயதில் வெளியேறும் பிள்ளை கடையில் கணக்கெழுதலாம், கர்ணத்துக்குத் துணையாகப் போகலாம், நிலத்தை அளந்து குழி சொல்லலாம். திண்ணைப் பள்ளிக் கணிதத்தைப் பற்றிச் செந்தில்பாபுவும், எழுத்தர் உலகத்தைப் பற்றிப் பவானி ராமனும் அண்மைக்காலத்தில் செய்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், அந்த மனப்பாடத்தை வெறும் உருப்போடல் என்று தள்ளிவிட முடியாது என்பது விளங்கும். ஊரின் வரவு செலவோடு நேரே தொடர்புடைய பயிற்சி அது. சட்டாம்பிள்ளை வேலையும் அதில் ஒரு பகுதி. பத்துப் பேரை முறை சொல்லவைத்துப் பிழை கண்டவனுக்குப் பின்னாளில் பேரேட்டில் பிழை காண்பது புதிய வேலையாக இருந்திராது.

இந்த இடத்தில் சட்டாம்பிள்ளையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இன்று தமிழில் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ வசைச்சொல். வல்லரசுகளை ‘உலகச் சட்டாம்பிள்ளை’ என்று நாளிதழ்கள் திட்டுகின்றன. மலையாளத்தில் ‘சட்டம்பி’ என்றால் ரௌடி. ஆனால் அதே மலையாளத்தில்தான் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) என்ற பெரியவர் இருந்தார். பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் வந்த பெயர் துறவு பூண்ட பின்பும் ஒட்டிக்கொண்டது. ஒரே சொல் ஒரு பக்கம் ஞானிக்கும் மறுபக்கம் அடியாளுக்கும் பெயரானது தற்செயல் அன்று என்று நினைக்கிறேன். ஒரு சிறுவனிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் அவன் இரண்டில் எதுவாகவும் ஆகலாம். பெல் அந்தச் சிறுவனுக்கு மேலே ஒரு பதிவேட்டையும், அவனை விசாரிக்கச் சக மாணவர்களின் நடுவர் குழுவையும் வைத்தது இதை உணர்ந்துதான் போலும்.

*

எழும்பூர்ச் சிறுவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் பணயமாகப் பிடித்துவைத்திருந்த திப்பு சுல்தானின் இரு மகன்களையும் கம்பெனி 1794இல் திருப்பி அனுப்பியது. கேப்டன் டவ்டனின் தலைமையில் சென்ற அந்தத் தூதுக்குழுவில் விடுதி மாணவன் வில்லியம் ஸ்மித் இருந்தான். பதினேழு வயதை ஒட்டிய பையன். சுல்தானுக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோன அறிவியல் கருவிகளை வைத்துத் திப்புவின் முன்னிலையில் இயற்பியல் சோதனைகளைச் செய்துகாட்டியவன் அவன். குழு விடைபெற்ற பிறகும் சுல்தானின் ஆட்களுக்குக் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுத்தரச் சில நாள் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டான். எழும்பூரில் தன்னைவிடச் சிறியவனுக்கு விளக்கிப் பழகிய நாக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசவையில் குழறவில்லை. பவணந்தியாரின் அரைப்பங்குக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே 1794இல் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் மாணவர்கள் எட்டுப் பேரும் இந்த விடுதியிலிருந்து எடுக்கப்பட்ட சிறுவர்கள். அந்தப் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவையே முக்கோணங்களாக அளக்கத் தொடங்கினாரே லாம்டன், அவருக்குப் பல ஆண்டு துணைநின்ற ஜோசுவா டி பென்னிங் சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்றவர். பாறைமுகடுகளிலும் காய்ச்சல் காடுகளிலும் கருவியைச் சுமந்து நின்ற உதவியாளர்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் அடிக்குறிப்பில்தான் வைத்திருக்கின்றன.

அடிக்குறிப்பில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1791இல் கம்பெனி ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர் கம்பெனியின் குடிமைப் பணியிலும் படை அதிகாரப் பணியிலும் கப்பல் பணியிலும் அமர முடியாது. 1795இல் இன்னும் இறுக்கினார்கள். இருபுறமும் ஐரோப்பியப் பெற்றோர் இல்லாதவர் படையில் குழலூதலாம், பறையடிக்கலாம், குதிரைக்கு இலாடம் கட்டலாம், ஆயுதம் ஏந்தும் வீரராக முடியாது. ஆண்டுகளைக் கவனியுங்கள். எழும்பூரில் பெல் படிமேல் படியாக ஏணி கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதன் உச்சியில் கூரை வேய்ந்தது அவருக்குச் சோறிட்ட கம்பெனி. தன் தகுதியால் வகுப்புக்கு ஆசிரியனான பையன், வெளியே போனதும் பிறப்பால் உதவியாளன் ஆனான். பெல்லின் நூலில் விடுதியின் ஒழுங்கைப் பற்றிய பெருமிதம் நிறைய உண்டு. இந்தக் கூரையைப் பற்றி அவர் வருந்தியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

திண்ணைப் பள்ளிக்கும் கூரை இருந்தது. அங்கே அது வாசலிலேயே தொடங்கியது. மன்றோவின் கணக்கெடுப்பை 1983இல் நூலாகத் தந்த தரம்பால், தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பதை எடுத்துக்காட்டினார். அது முக்கியமான செய்தி, பல முன்முடிவுகளை அசைத்த செய்தி. ஆனால் அதே பட்டியல்களில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஊர்த்திண்ணையில் ஏறி உட்கார முடியாத சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்த ஏணி இருந்தது என்று சொல்ல முடியாது. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசும் நண்பர்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கம் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

*

இங்கிலாந்தில் இந்த முறை பெருவெற்றி பெற்றது, பெற்ற வெற்றியாலேயே கெட்டது. லண்டனின் பரோ ரோட்டில் பள்ளி நடத்திய குவேக்கர் இளைஞர் ஜோசப் லங்காஸ்டரும் ஏறக்குறைய இதே முறையைக் கையாண்டார். ஓர் ஆசிரியர் போதும், ஆயிரம் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவருடைய முழக்கம். ஆலைகள் பெருகிய காலம் அது. ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்க ஒரு வழி கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெல்லின் பக்கம் ஆங்கிலத் திருச்சபை நின்று 1811இல் தேசியச் சங்கத்தை நிறுவியது. லங்காஸ்டர் பக்கம் சபை மறுப்பாளர்கள் நின்றார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்று ஆண்டுக்கணக்கில் துண்டு வெளியீட்டுச் சண்டை நடந்தது. இருவருள் எவரும் சென்னைத் திண்ணையைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

இலக்கியவாதிகளும் கட்சி பிரிந்தார்கள். கோல்ரிட்ஜ் 1808இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் பெல்லைப் புகழ்ந்து லங்காஸ்டரைக் கடுமையாகத் தாக்கினார். தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவது போன்ற லங்காஸ்டரின் தண்டனைகள் அவருக்கு அருவருப்பூட்டின. சதே பெல்லுக்காக ஒரு நூல் எழுதினார். பின்னர் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதத் தொடங்கி முடிக்காமல் இறந்தார், மகன் முடித்து 1844இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கோல்ரிட்ஜ் இம்முறையை நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டது பாராட்டாகத்தான். இன்று படிக்கும்போது அது குற்றப்பத்திரிகை போல ஒலிக்கிறது. ஏனெனில் அது உண்மையிலேயே எந்திரமாகிப்போனது. எழும்பூரில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ இருநூறு. பெல் அவர்களைப் பெயர் சொல்லி அறிவார். ஆலை நகரங்களில் பல நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்தபோது மாணவ ஆசிரியன் கட்டளையைக் கூவுகிற ஒரு சக்கரப்பல் ஆனான். அவனுக்கே தெரிந்தது கொஞ்சம், அவன் கற்பிக்க வேண்டியதோ நிறைய. மேலே ஏறுவதற்கு வைத்த படிகள் செலவைக் குறைப்பதற்கான படிகளாயின.

1846இல் கே-ஷட்டில்வொர்த் இதைத் திருத்த முயன்றார். பதின்மூன்று வயதில் ஒரு மாணவனை ஆசிரியத் தொழிலுக்கு ஐந்தாண்டுப் பயிற்சியாளனாக எடுப்பது, முதல் ஆண்டு பத்துப் பவுனில் தொடங்கி ஐந்தாம் ஆண்டு இருபது பவுன் வரை உதவித்தொகை தருவது, பகலில் அவன் கற்பிப்பது, பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியர் அவனுக்குக் கற்பிப்பது, பதினெட்டில் தேர்வு எழுதிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போவது. ஏழைத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் மேலே போக இருந்த அரிய வழிகளுள் ஒன்று இது. ஏணி மறுபடி அசைந்தது. ஆனால் டிக்கன்ஸுக்கு இதன் விளைபொருள்கள் பிடிக்கவில்லை. ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் ஒரே அச்சில் வார்த்தெடுத்த ஆசிரியராக மெக்சோக்கம்சைல்டு வருகிறார். அதே டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலிலோ தூங்கிவழியும் கிழவி நடத்தும் மாலைப்பள்ளியில் பிப்புக்கு எழுத்தறிவிப்பது, அவனைப் போலவே அனாதையான பிட்டி என்ற சிறுமி. அவளும் பின்னால் ஆசிரியையாகிறாள். எந்திரத்தைக் கேலி செய்த எழுத்தாளருக்கு அதன் மூலவிதைமீது பகையில்லை என்று தோன்றுகிறது.

இங்கே தமிழ்நாட்டில், மதராஸ் முறை என்ற பெயரே கேள்விப்பட்டிராத மடத்துச் சூழலில், அந்த விதை வேறொரு வகையில் முளைத்துக்கொண்டிருந்தது. 1876இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தபோது உ.வே.சா.வுக்கு இருபத்தொரு வயது நிறைவதாக இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் தாம் பாடம் கேட்டுக்கொண்டே பிறருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை ஏற்றார். நான்கு ஆண்டு இப்படி நடுப்படியில் நின்றார், ஒரு பக்கம் மாணவர், மறுபக்கம் ஆசிரியர். 1880இல் தியாகராச செட்டியார் தாம் ஓய்வுபெறும் கும்பகோணம் கல்லூரி வேலைக்கு இவரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, ஆங்கிலமறியாத அந்த இளைஞர் பட்டப்படிப்பு மாணவர்களின் முன் அச்சமின்றிப் பாடம் நடத்தினார். பட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. பாடம் சொன்ன பழக்கம் இருந்தது.

இன்றைய கல்லூரிகளிலும் வழிகாட்டி ஆசிரியர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இருபது இருபத்தைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கு ஒரு பதிவேடு. மதிப்பீட்டுக் குழு வரும் மாதங்களில் அப்பதிவேடுகள் ஒரே மையில் நிரம்புவதைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவோம். அதே கல்லூரியின் விடுதியில், தேர்வுக்கு முந்தின இரவு, மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி முதலாமாண்டுப் பெண்கள் ஆறேழு பேரை வராந்தாவில் உட்காரவைத்து யாப்பருங்கலக்காரிகையை அசை பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பதிவேடு இல்லை, பதவிப்பெயரும் இல்லை.

பெல் 1832இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். கல்விக்காக அவர் எழுதிவைத்த ஒரு இலட்சத்து இருபதாயிரம் பவுனில் பெரும்பகுதி ஸ்காட்லாந்து நகரங்களுக்குப் போயிற்று. பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிக்கு ‘மதராஸ் கல்லூரி’ என்று பெயரிட்டார்கள். பெயருக்குக் கல்லூரியே தவிர, அது உயர்நிலைப் பள்ளி. சென்னையே தன் பழைய பெயரை 1996இல் விட்டுவிட்டது. அங்கே அந்தப் பள்ளிக்கு இன்னும் அதே பெயர்தான்.